இல்லாத கையும் நீளும் மூக்கும்: ஒரு மூளை ஆய்வுகூடத்துக்குள் எட்டிப் பார்த்தபோது

திருகோணமலைத் துறைமுகத்தைப் போல ஒன்றை உலகில் கண்டதில்லை என்று ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் பிரபு சொன்னாராம். எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் எவருமில்லை. பாலையூற்றில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டாலும் ஒப்புவிக்கும். அவருக்கு வலது கை இல்லை என்பதும் படத்தைப் பார்த்தாலே தெரியும். 1797 ஜூலையில் தெனரீப் தீவில் நடந்த சண்டையில் முழங்கைக்குச் சற்று மேலே குண்டு பாய, கப்பலிலேயே கையை எடுத்துவிட்டார்கள். இதற்குப் பிறகு நடந்ததை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எடுத்த கை போகவில்லை! விரல்கள் உள்ளங்கையில் குத்துவது அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்ததாம். கை அழிந்தும் அதன் உணர்வு நிற்கிறதென்றால் உடம்பு அழிந்தபின் ஆன்மாவும் நிற்கத்தான் செய்யும் என்று அவர் அதையே சான்றாக வைத்துக்கொண்டார்.

இதை நான் படித்தது மூளை ஆய்வாளர் விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன் எழுதிய 'ஃபான்டம்ஸ் இன் த பிரெய்ன்' நூலில். சாண்ட்ரா பிளேக்ஸ்லியுடன் சேர்ந்து 1998இல் அவர் வெளியிட்ட புத்தகம் அது. மூளை என்றால் கரும்பலகையில் பாகங்களைக் குறித்துப் படிக்கிற பாடம் என்று நினைத்திருந்த எனக்கு, இந்தப் புத்தகம் ஒரு ஆய்வுகூடத்தின் பின்கதவைத் திறந்துவிட்டது. அதற்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா? வாருங்கள், நாமும் நுழைந்து பார்ப்போம்.

ஆளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். இந்திய அரசமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். தந்தைக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பில் வேலை. அதனால் சிறுவயதின் ஒரு பகுதி பாங்கொக்கில் கழிந்தது. அங்கே வீட்டு மாடிப்படியின் கீழே அந்தப் பையனுக்கென்று ஒரு வேதியியல் ஆய்வுகூடம் இருந்தது! மாடிப்படியின் கீழே தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் எல்லாப் பெற்றோருக்கும் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டும் போல இருக்கிறது. பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. மாணவராக இருந்த காலத்திலேயே இரு கண் பார்வை பற்றி எழுதி அனுப்பியதை 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. அடுத்து கேம்பிரிட்ஜ், அதன்பின் 1983 தொடங்கி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம். சான் டியேகோவும் கடற்படை நிற்கிற துறைமுக ஊர்தான். திருகோணமலைக்காரருக்கு இதிலும் ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

இனி அவருடைய மேசைக்குப் போவோம். மூளை ஆராய்ச்சி என்றதும் அறை முழுக்க நிற்கும் ஸ்கான் இயந்திரங்கள்தான் மனதில் வரும். 1990களின் தொடக்கத்தில் இவர் கையிலெடுத்தது காது குடைகிற பஞ்சுக் குச்சி!

இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் வந்திருக்கிறான். விபத்து நடந்து சில வாரங்களே ஆகின்றன. இல்லாத கை அவனுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. அரிக்கிறது, அசைகிறது, பொருளை எட்டி எடுக்கப் போகிறது. ராமச்சந்திரன் அவன் கண்ணைத் துணியால் கட்டுகிறார். பஞ்சுக் குச்சியால் உடம்பில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு, எங்கே தெரிகிறது என்று கேட்கிறார். கன்னத்தில் தொட்டார். கன்னத்தில் தெரிகிறது, கூடவே இல்லாத பெருவிரலிலும் தெரிகிறது என்றான். மேலுதட்டில் தொட்டார், இல்லாத சுட்டுவிரல். கீழ்த்தாடையில் தொட்டார், இல்லாத சின்னவிரல். முகத்திலேயே ஒரு முழுக்கை வரைபடம் கிடந்தது. முகத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வழிந்தபோது, இல்லாத கை வழியே தண்ணீர் ஓடுவது அவனுக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக அந்த மாயக்கை அரித்தால் எங்கே சொறிவது என்று தெரியாமல் தவித்தவன், அன்று இடம் தெரிந்துகொண்டு போனான். இந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு என் கன்னத்தை நானே தொட்டுப் பார்த்தேன்.

ஏன் முகத்தில் கை? மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, உடம்பின் எந்தப் பாகத்தில் உணர்வு தெரிகிறதென்று கேட்டுக் கேட்டு ஒரு படம் போட்டிருந்தார். (மூளைக்குத் தனக்கென்று வலி தெரியாது, மண்டைத் தோலை மரக்கச் செய்தால் போதும்.) அந்தப் படத்தில் கைக்குப் பக்கத்துக் குடியிருப்பு முகம். 1991இல் ரிம் பொன்ஸ் என்பவரின் குழு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கையிலிருந்து உணர்வே வராத குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது மூளையின் கைப்பகுதி துடித்தது என்று அறிவித்தது. ராமச்சந்திரன் அதைப் படித்துவிட்டு, இதே கேள்வியை மனிதனிடம் வாய்விட்டே கேட்கலாமே என்று பஞ்சுக் குச்சியை எடுத்தார். அவருடைய விளக்கம் நமக்கு உடனே பிடிபடும். காணிக்காரர் ஊரில் இல்லாதபோது பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போடுவது போல, வெறுமையான கைப்பகுதிக்குள் முகத்தின் நரம்புகள் நுழைந்துவிட்டன.

இந்த இடத்தில் எனக்கு இன்னும் பிடித்த திருப்பம் ஒன்று இருக்கிறது. வேலி உண்மையிலேயே நகர்ந்ததா என்று தாமர் மாகின் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார். கையை எடுக்க இருந்த மூன்று பேரை, எடுப்பதற்கு முன்னரும் பின்னரும் ஸ்கான் செய்து அவர் குழு 2025இல் முடிவை வெளியிட்டது. கைக்குரிய காணி கையின் பெயரிலேயே அப்படியே இருக்கிறது! முகம் வந்து குடியேறியதாகத் தெரியவில்லை. அப்படியானால் அந்த இளைஞனின் கன்னத்தில் பெருவிரல் தெரிந்தது எப்படி என்று விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருந்த விளக்கத்தை உலுக்கிப் பார்க்க மூன்று பேரும் சில ஆண்டுப் பொறுமையும் போதுமாக இருந்திருக்கின்றன. விஞ்ஞானத்தின் சமையல் இப்படிக் கண்முன்னே நடப்பதைப் பார்ப்பதைவிட வேறு வேடிக்கை எனக்கு வேண்டாம்.

அடுத்தது கண்ணாடிப் பெட்டி. இதற்காகத்தான் உங்களை உள்ளே கூட்டிவந்தேன்.

மாயக்கை உள்ளவர்களில் பலருக்கு அந்தக் கை சும்மா இருப்பதில்லை, வலிக்கும். முறுக்கிய முட்டியை விரிக்க முடியாது. நகம் சதைக்குள் ஏறுகிற வேதனை. இல்லாத முட்டியை விரிப்பது எப்படி? மாத்திரை எங்கே போய்ச் சேரும்? ராமச்சந்திரன் யோசித்த வழி இது. கை செயலிழந்து கிடந்த காலத்தில் மூளை ‘அசை’ என்று கட்டளை அனுப்பியிருக்கும். கண் பார்த்து ‘அசையவில்லை’ என்று பதில் சொல்லியிருக்கும். திரும்பத் திரும்ப அதே பதிலைக் கேட்டு மூளை அசையாமையையே கற்றுக்கொண்டது. கையை எடுத்த பிறகும் அந்தப் பாடம் மறக்கவில்லை. அப்படியானால் கண்ணுக்கு வேறொரு பதிலைக் காட்டினால்?

மூடியில்லாத அட்டைப்பெட்டி ஒன்று. நடுவில் நிமிர்த்தி வைத்த கண்ணாடி. முன்பக்கம் இரண்டு துளை. நல்ல கையை ஒரு துளைக்குள் விட்டு, மாயக்கையை மறு துளைக்குள் ‘விட்டு’, நல்ல கையின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பிம்பம் சரியாக இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். மொத்தச் செலவு சில டொலர்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர் ஒருவர் வந்தார். தோளிலிருந்து நரம்பு பிய்ந்து ஒரு வருடம் தொங்கிய கையைப் பிறகு எடுத்திருந்தார்கள். பத்து வருடமாக மாயக்கை இறுகிக் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் அசைக்கச் சொன்னார்கள். அசையவில்லை. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தபடி அசைக்கச் சொன்னார்கள். அசைந்தது! பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் தன் இடது கை திரும்பி வந்துவிட்டதென்று கூவிவிட்டார். கண்ணை மூடினால் மறுபடி இறுகியது, திறந்தால் அசைந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். சில வாரம் கழித்து ராமச்சந்திரனுக்குத் தொலைபேசி வருகிறது: டொக்டர், கை போய்விட்டது. எந்தக் கை என்று இவர் கேட்கிறார். மாயக்கைதான்! முழங்கையும் முன்கையும் மறைந்து, விரல்கள் மட்டும் தோளில் தொங்குகின்றன. முழங்கை இல்லாததால் முழங்கை வலியும் இல்லை. மாய உறுப்பு ஒன்றை வெட்டியெடுத்த முதல் வெற்றி இது என்று ராமச்சந்திரன் எழுதுகிறார். 1995இல் 'நேச்சர்' இதழில் மனைவி டயான் ரொஜர்ஸ்-ராமச்சந்திரனோடு சேர்ந்து இவர் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு உலகம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்யவைத்தது.

நமக்கு இரண்டு கையும் இருக்கிறது, நம் மூளை இப்படி ஏமாறாது என்று நினைக்கிறீர்களா? இன்று மாலையே விறாந்தையில் செய்து பாருங்கள். ஒரு கதிரைக்குப் பின்னால் இன்னொரு கதிரை; இருவரும் ஒரே திசை பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, பின்னவரின் சுட்டுவிரலைப் பிடித்து முன்னவரின் மூக்கில் தட்ட வேண்டும். அதே தாளத்தில், அதே கணத்தில், தன் மறுகையால் பின்னவரின் மூக்கிலும் தட்ட வேண்டும். தாளம் ஒழுங்காக இருக்கக் கூடாது. விட்டு விட்டு, எதிர்பாராத மாதிரி இருக்க வேண்டும். அரை நிமிடம் போதும். செய்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூக்கு முழ நீளத்துக்கு முன்னால் போய்விடும்! எங்கள் வீட்டில் மச்சாளுக்கு நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்ததும் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினாள். மாமாவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அவர் மூன்று தரம் தட்டச் சொன்னார். பிறந்த நாள் முதல் கூடவே இருக்கிற மூக்கின் அளவைக்கூட மூளை அந்தக் கணத்துப் புலன்களைக் கூட்டிக் கழித்துத்தான் முடிவு செய்கிறது என்று ராமச்சந்திரன் சொல்வது அன்றைக்குத்தான் எனக்கு உடம்பில் உறைத்தது.

இன்னொரு விளையாட்டு, இதில் தமிழுக்கும் பங்கு உண்டு. ஒரு தாளில் கூர்கூராக உடைந்த நட்சத்திர உருவம் ஒன்றும், மை சிந்தியது போல வழவழவென்று வளைந்த உருவம் ஒன்றும் வரையுங்கள். ஒன்றின் பெயர் பூபா, மற்றதன் பெயர் கிகி. எது எது? நான் கேட்டவர் அத்தனை பேரும் கூரான உருவத்தையே கிகி என்றார்கள். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபார்டும் அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் இதைக் கேட்டு 2001இல் எழுதினார்கள். இரண்டு இடத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் ஒரே விடை. ஆங்கில எழுத்தில் ‘கே’ கூராக இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது சொல்லலாம். நம் ‘கி’யைப் பாருங்கள், எவ்வளவு வளைவு! ஆனாலும் தமிழர் விடை மாறவில்லை. காது கேட்ட ஒலியின் கூர்மையைக் கண் கண்ட உருவத்தின் கூர்மையோடு மூளை எங்கோ முடிச்சுப் போடுகிறது. இதே மாதிரிச் சோதனையை வேறு சொற்களோடு முதலில் எழுதியவர் வூல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானியர். அவர் குரங்குகளை ஆராய்ந்து பல வருடம் இருந்த தீவு எது தெரியுமா? நெல்சன் கையை விட்டுவந்த அதே தெனரீப்!

புலன்கள் இப்படிக் கைகோத்து நிற்பது சிலரிடம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அவர்களுக்குக் கறுப்பு மையில் அச்சடித்த 5 பச்சையாகவும் 2 சிவப்பாகவும் தெரியும். கதை விடுகிறார்கள் என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். ராமச்சந்திரனும் ஹபார்டும் ஒரு சோதனை வைத்தார்கள்: பக்கம் நிறைய 5கள், நடுவே முக்கோண வடிவில் சில 2கள். எல்லாம் கறுப்பு. நீங்களும் நானும் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்கோ சிவப்பு முக்கோணம் சட்டென்று எழுந்து நிற்கும். கதை விடுபவரால் இது முடியாது.

இனி இந்த ஆய்வுகூடத்தில் என்னை இரவு தூங்கவிடாத மூலைக்கு வருகிறேன். நினைவு.

விபத்தில் தலையில் அடிபட்டுப் பல வாரம் நினைவற்றுக் கிடந்து எழுந்த இளைஞன் ஒருவன். பேச்சு, நடை, அறிவு எல்லாம் திரும்பிவிட்டன. தாயைப் பார்க்கிறான், இந்தப் பெண் என் அம்மாவைப் போலவே இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை, வேறு யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறாள் என்கிறான். பிரெஞ்சு மருத்துவர் கப்கிரா 1923இல் விவரித்த நோய் இது. அந்தத் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதே தாய் பக்கத்து அறையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டால், அம்மா, எப்படி இருக்கிறீர்கள் என்று உருகுகிறான்! கண் வழியே வரும் முகம் சரியாக அடையாளம் காணப்படுகிறது. ஆனால் முகம் கண்ட பகுதிக்கும் பாசத்தைக் கிளப்பும் பகுதிக்கும் இடையே உள்ள கம்பி அறுந்துவிட்டது, காதின் கம்பி தப்பிவிட்டது என்பது ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997இல் சொன்ன விளக்கம். உள்ளங்கை வியர்வையை அளந்து பார்த்தார்கள். நமக்குத் தாய் முகத்தைப் பார்த்ததும் அந்த அளவு எகிறும், அவனுக்கு அசையவில்லை. தாயை அடையாளம் காண்பதற்கு முகம் நினைவிருந்தால் மட்டும் போதாது, அந்த முகம் கண்டதும் உடம்பில் ஏதோ ஒன்று நெகிழவும் வேண்டும்.

அடுத்தவர் ஒரு மூதாட்டி. பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆனால் தனக்கு ஒன்றும் இல்லை, இரண்டு கையும் வேலை செய்கிறது என்று சாதிக்கிறார். மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர் சிலருக்கு இப்படி நேரும். வீம்பு என்று வீட்டார் கோபப்படுவார்கள்; இதுவும் நோயின் ஒரு பாகம். இடது காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டால் சிறிது நேரம் மாற்றம் தெரியும் என்று இத்தாலியில் பிசியாக் என்பவர் முன்னரே கண்டிருந்தார். ராமச்சந்திரனும் செய்து பார்த்தார். ஐஸ் தண்ணீர் போனதும் அந்த அம்மா, என் இடது கை விழுந்துவிட்டது என்றார். எவ்வளவு காலமாக? இத்தனை நாளாகவே என்றார்!

பாருங்கள், இல்லை இல்லை என்று சாதித்த நாளெல்லாம் உள்ளே யாரோ ஒழுங்காகக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். சில மணி நேரம் கழித்து ஐஸ் தண்ணீரின் வேலை முடிந்ததும் பழையபடி, எனக்கு ஒன்றுமில்லை. காலையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதானே சொன்னேன் என்கிறார். ஒரே தலைக்குள் உண்மை பதிந்த நினைவும் அதை வெளியே விடாத காவலும். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரால் அந்தக் காவலைச் சற்று விலக்க முடிந்திருக்கிறது. வீட்டில் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம். இது மருத்துவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய வேலை.

இந்த ஆய்வுகூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கருவிகளின் எளிமைகூட அல்ல. நோயாளி சொன்னதை இவர் நம்பினார். இல்லாத கை வலிக்கிறதென்றால் பைத்தியம் என்று ஒதுக்காமல், எங்கே, எப்படி, எந்த விரலில் என்று கேட்டார். நம் ஊரில் இந்தக் கேள்வி எத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது! மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள், சலரோகத்தால் கால் எடுத்தவர்கள், விபத்தில் கை இழந்தவர்கள் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். இல்லாத கால் நோகுது என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பலர் வாய் திறப்பதில்லை.

கண்ணாடி அவர்களுக்கு உதவுமா? அமெரிக்காவின் வோல்ற்றர் ரீட் இராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள். நாள்தோறும் கால் மணி நேரம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணி மூடிய கண்ணாடி பார்த்தவர்களில் ஒருவருக்கும், மனதால் மட்டும் காலை அசைத்தவர்களில் இருவருக்கும் குறைந்தது. சிறிய ஆய்வு. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் விலை ஒரு கண்ணாடியின் விலை. கால் இழந்த கனடாக்காரர் ஸ்டீபன் சம்னர், தன் வலி இப்படித் தணிந்ததும் கம்போடியாவுக்குப் போய், சைக்கிளில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு மிதிவெடியில் கால் போனவர்களைத் தேடித் தேடிக் கற்றுக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லாத கை கால் நோகிறதா என்று. ஓம் என்றால், அது நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உண்மையான வலி, உலகம் முழுக்க வைத்தியர்கள் அறிந்த வலி என்று சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இயன்மருத்துவரிடம் கண்ணாடிப் பயிற்சி பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் அவரோடு நீங்களும் கூடப் போங்கள்.